இதுல என்ன இருக்கு, வெத்தூரியா?

வலேனி ஊரில் யார் வீட்டு விருந்தானாலும், தட்டில் குடலில் கறி அடைத்த சாசேஜ் வந்து விழுந்ததும் யாராவது ஒருவர் அதை முள்கரண்டியில் குத்தித் தூக்கிப் பிடித்து, "இதுல என்ன இருக்கு, வெத்தூரியா?" என்று கேட்பது வழக்கம். கல்யாணமோ ஞானஸ்நானமோ, எந்த மூலை மேஜையில் இருந்தாலும் வெத்தூரியா பதில் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வாய் வைப்பாள். ஒரு தடவை சொன்ன பதிலை மறு தடவை சொன்னது கிடையாது. பழைய மேனேஜரின் மெத்தை என்பாள். போன தேர்தல் போஸ்டர் என்பாள். பாதிரியார் கேட்டால் மட்டும் கொஞ்சம் மரியாதையாக, "தைரியமா சாப்பிடுங்க சாமி, நோன்பு முறியாது, கறி கிடையாது" என்பாள்.

அந்தக் கேள்வியை முதன்முதலில் கேட்டவன் அவள் புருஷன் பாந்தெலிதான். அப்போது அவன் புருஷன் இல்லை. ரயில் நிலையத்தில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பையன். வெத்தூரியாவுக்கு ஊர்க் கறித் தொழிற்சாலையில் கலவைத் தொட்டி வேலை. அவள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் படகு விட்ட ஸ்தோயான் குடும்பத்துப் பெண். அந்தக் குடும்பமே வாயும் வயிறும் பெரிசு. அவள் தாய்மாமன் ஒருவன் சவப்பெட்டிக்குள் படுக்க வைத்த பிறகும் சிரித்த முகமாக இருந்தானாம். பாதிரியார் ஜெபத்தை இரண்டு தரம் தப்பாகச் சொன்னார் என்று கேள்வி.

தொழிற்சாலை வாசல் கடையில் அன்றைக்குக் கூட்டத்தைச் சமாளிக்க வெத்தூரியாவை நிறுத்தியிருந்தார்கள். வரிசையில் நின்று சலாமி சாசேஜ் வாங்கிய பாந்தெலி, கள்ளம் கபடமில்லாமல், "இதுல என்ன இருக்குங்க?" என்று கேட்டான். "என் விரல் ஒண்ணு உள்ள போயிடுச்சு, பாத்துக் கடிங்க" என்றாள். பாந்தெலி சலாமியைக் கீழே வைத்துவிட்டு அவள் கைகள் இரண்டையும் உற்றுப் பார்த்தான். விரல்கள் எல்லாம் இருந்தன. அதன் பிறகும் பார்த்துக்கொண்டே நின்றான். பின்னால் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம்.

அது கம்யூனிஸ்ட் ஆட்சியில் கறியெல்லாம் ரயிலேறி வெளிநாட்டுக்குப் போய், வாசனை மட்டும் வலேனியில் தங்கிய காலம். தொட்டியில் விழுந்தது சோயா மாவு, வேகவைத்த தோல், ஸ்டார்ச், எலும்புத் தூள். கழிப்பறைக் காகிதத்தையும் அரைத்துப் போடுகிறார்கள் என்று ஊர் பேசிக்கொண்டது. வெத்தூரியா அதற்கு, காகிதம் கிடைத்தால் வீட்டுக்கு எடுத்துப் போயிருக்க மாட்டோமா என்று கேட்டாள். காப்பியில் ஓட்ஸும் கொண்டைக்கடலையும் வறுத்துப் போட்டார்கள். இரண்டாவது கோப்பை குடித்தால் கனைப்பு வரும், மூன்றாவதில் லாடம் அடிக்க ஆள் தேட வேண்டும் என்பாள். ஒரு மனிதனுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று விஞ்ஞானப்படி கணக்குப் போட்டு அரசாங்கம் பத்திரிகையில் அச்சடித்தபோது, "என் வாழ்க்கையில நான் பேர் கொடுக்காம சேந்த டயட்டு இது ஒண்ணுதான்" என்றாள். அப்படிப் பேசியதற்கு மற்றவர்களாக இருந்தால் கூப்பிட்டு விசாரித்திருப்பார்கள். அவளைத் தொழிற்சாலை மேஸ்திரி ஃப்ளோரேயா காப்பாற்றினான். மேலிடத்திலிருந்து கேட்டவர்களிடம் அவளுக்குக் கொஞ்சம் மூளை சரியில்லை என்று எழுதிக் கொடுத்தான். அதற்கும் அவள் கோபித்துக்கொள்ளவில்லை. கொஞ்சம்தானா என்றுதான் கேட்டாள்.

பிள்ளை இல்லை அவர்களுக்கு. அதைப் பற்றி மட்டும் அவள் எந்த வேடிக்கையும் சொன்னதில்லை.

அந்த ஆட்சி போய், தொழிற்சாலையும் மூடி, கடைகளில் எல்லாமே வந்து நிறைந்த பிறகு வலேனிப் பெண்கள் பருத்தார்கள். பருத்ததும் டிவி அவர்களை இளைக்கச் சொன்னது. வெத்தூரியாவுக்கு அது புது விளையாட்டு. அதில் அவளுக்குக் கூட்டாளி, பாந்தெலியின் தங்கை அக்லாயா. ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் லேசுப்பட்ட உடம்பில்லை. நாத்தனாரும் அண்ணியுமாக முட்டைக்கோஸ் சூப் பத்தியம் இருந்தபோது தெருவில் ஆள் நடமாட முடியவில்லை. களிமண் தண்ணீர் குடித்தார்கள். வெயிலில் நிற்காதே, செங்கலாகிவிடுவாய் என்று ஒருத்தியை ஒருத்தி எச்சரித்துக்கொண்டார்கள். நிறப் பத்தியத்தில் திங்கட்கிழமை சிவப்பாக உள்ளது மட்டும் சாப்பிட வேண்டும். வெத்தூரியா காலையிலேயே சிவப்பு ஒயினைத் திறந்தாள். ரத்த வகைக்குத் தக்கபடி சாப்பிடச் சொன்னார்கள். "எனக்கு எந்த வகைன்னு தெரியல. எதுக்கும் இருக்கட்டும்னு நாலு வகைக்கும் சாப்பிட்டேன்" என்று அவள் சொன்னதை வலேனியில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். ஒரு பத்தியத்திலும் ஒரு பொத்தான் அளவுகூட அவள் இளைத்ததில்லை. பாந்தெலி ஒன்றும் சொல்லமாட்டான். அவள் உட்கார்ந்தால் நாற்காலி முனகும், அது அவனுக்கு வீட்டுச் சத்தம்.

பிறகு ஓட்ஸ் வந்தது.

அந்த வருஷம் இலையுதிர்காலத்தில், திரைச்சீலைத் துணி வாங்குகிறேன் என்று வெத்தூரியா தனியாகக் கிரயோவா நகரத்துக்கு ரயிலேறினாள். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தாள். நிறம் பிடிக்கவில்லை என்றாள். மறுநாள் முதல் ஓட்ஸ் கஞ்சி. காலையும் மாலையும் அது மட்டும்தான். "குதிரைக் காப்பியில குடிச்சது பத்தாதுன்னு இப்ப குதிரையாவே ஆயிட்டேன்" என்றாள்.

இந்தத் தடவை இளைத்தாள். முதலில் முகம், பிறகு கை. பாவாடையைப் பிடித்துத் தைத்தாள், மறுபடியும் பிடித்துத் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பெண்கள் மெழுகுவர்த்தியைக்கூட மறந்து அவள் இடுப்பைப் பார்த்தார்கள். எவ்வளவு ஓட்ஸ், எவ்வளவு தண்ணீர், உப்பு உண்டா என்று வீடு தேடி வந்து கேட்டார்கள். அவள் உட்கார வைத்து ஒவ்வொருத்திக்கும் பொறுமையாகச் சொன்னாள். கடையில் ஓட்ஸ் தீர்ந்துபோயிற்று. அக்லாயா அழாத குறையாக, "அண்ணி, நானும் அதைத்தான் திங்கறேன், எனக்கு மட்டும் ஏன் ஒட்டுது?" என்று கேட்டாள். "நீ ரொட்டிக்கடைக்காரன் பக்கத்துல படுக்கறல்ல, மாவு மூச்சுல ஏறுது" என்றாள் வெத்தூரியா.

பாந்தெலிக்கு நாற்காலியின் முனகல் நின்றுபோனது பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் முகத்தில் ஒரு பெருமை தெரிந்தது. அதைக் கெடுக்க மனசில்லை. அவள் தனியாக உட்கார்ந்து கஞ்சி குடிப்பது பார்க்கச் சகிக்கவில்லை. தனக்கும் ஊற்று என்றான். அவள் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. அன்று முதல் ஒரே பானை, ஒரே கரண்டி, எதிரெதிரே இரண்டு கிண்ணம். சோளக்களியையும் பன்றிக் கொழுப்பையும் தொடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அவளுக்குத் துணையாகத் தின்றான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் இக்னாத் திருநாளன்று வழக்கம்போல் பன்றி வெட்டினார்கள். வெட்டி முடித்ததும் சூடாக முதல் கறியை வறுத்து, வேலை செய்தவர்கள் எல்லாரும் அந்த இடத்திலேயே சாப்பிட வேண்டும். பன்றிக்குச் செய்கிற மரியாதை அது. வெத்தூரியா எந்தப் பத்தியத்திலும் அந்த ஒரு சட்டியை மட்டும் விட்டதில்லை. பன்றி தனக்குச் சொந்தக்காரன், துக்கம் அனுஷ்டிக்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் தின்பாள். அன்றைக்குச் சட்டி அவள் கைக்கு வந்தது. அவள் சிரித்துக்கொண்டே அடுத்தவளிடம் தள்ளினாள். "ஓட்ஸு கோவிச்சுக்கும்" என்றாள். எல்லாரும் அவள் மன உறுதியை மெச்சினார்கள். கொஞ்ச நேரம் கழித்துப் பாந்தெலி விறகு எடுக்கக் கொட்டகைப் பக்கம் போனான். அங்கே அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூக்கில் தலைத்துணியை அழுத்தியபடி நின்றாள். கறி வாசனைக்கு.

எல்லாரும் போன பிறகு அவன் அடுப்படியில் அவள் முன்னால் நின்று பெல்ட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"ஒரே பானை, ஒரே கரண்டி. என் பெல்ட்டு அதே ஓட்டையிலதான் நிக்குது, வெத்தூ."

"நீ ரயில்வேக்காரன். உங்க ஆளுங்க எதையும் லேட்டாத்தானே ஆரம்பிப்பீங்க."

அவன் சிரிக்கவில்லை. "அன்னைக்குக் கிரயோவாவுல துணிக்கடைக்கா போன?"

அவள் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தாள். "இல்ல" என்றாள். வயிற்றில் கட்டி இருக்கிறது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வெட்டி எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டதாம்.

"அப்புறம் எதுக்குடி இந்த ஓட்ஸு?"

"வேற எதுவும் உள்ள நிக்கல பாந்தெலி. அதுவுமில்லாம, ஏன் இளைச்சேன்னு கேப்பாங்கல்ல. நோய்னு சொன்னா சூப்பைத் தூக்கிட்டு வந்து அழுவாங்க. டயட்டுன்னு சொன்னா பொறாமைப்படுவாங்க." பெல்ட்டைச் சுருட்டி அவன் கையில் கொடுத்தாள். "பொறந்ததுலருந்து மொத தடவையா என்னைப் பாத்துப் பொறாமைப்படறாளுங்க. விடு. கொஞ்ச நாள் படட்டும்."

பண்டிகை முடிந்ததும் அவன் விடாப்பிடியாக அவளைக் கிரயோவாவுக்குக் கூட்டிப்போனான். டாக்டர் மேஜையைப் பார்த்துப் பேசினார். வலிக்கு மருந்து எழுதினார். வசந்தம் வரைக்கும் என்றார். அது என்ன வசந்தம், பனி உருகுகிற வசந்தமா, செர்ரி பூக்கிற வசந்தமா என்று வெத்தூரியா கேட்டாள். அவர் மருந்துச் சீட்டை மடித்துக் கொடுத்தார். திரும்பி வருகிற ரயிலில் அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எதையோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். அவர்கள் ஊர் நிலையம் நெருங்கும்போது அவள் சொன்னாள்:

"பாந்தெலி, நான் போறது பெருநோன்புல வரும்."

ஈஸ்டருக்கு முந்தின, கறி தொடாத அந்த நோன்புக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குப் புரியவில்லை.

"நோன்புல செத்தா என் பேர்ல ஊருக்கு என்ன போடுவீங்க? அவரைக்கொட்டை. அப்புறம் நோன்புச் சலாமி. சோயா. ஆயுசு பூரா சோயாவைக் கிண்டினவடா நான். இங்க கொடுக்கறதுதானே அங்க கிடைக்கும்? அங்க போயும் தட்டைப் பாத்தா சோயாவா?"

இறந்தவர் பேரில் கொடுக்கும் சாப்பாட்டுக்குப் பொமானா என்று பெயர். கொடுத்தது தட்டு மாறாமல் இறந்தவருக்குப் போய்ச் சேரும் என்பதில் ஜியு ஆற்றுப் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பிள்ளையில்லாதவர்கள், பின்னால் செய்பவர்களை நம்பாதவர்கள், உயிரோடு இருக்கும்போதே தங்கள் பொமானாவைத் தாங்களே கொடுத்துவிடுவதும் உண்டு. வெத்தூரியா அதைத்தான் கேட்டாள். நோன்பு தொடங்குவதற்குள், சுத்தமான கறியில், சாசேஜ்.

"நான் செய்யமாட்டனா உனக்கு?" என்றான் பாந்தெலி.

"செய்வ. உப்பு மறந்துடுவ."

விற்பதற்காக வளர்த்த இரண்டாவது பன்றியை அவன் வெட்டினான். மிஷினில் அரைத்தால் எது கறி எது கொழுப்பு என்று தெரியாது என்று, கத்தியாலேயே கொத்தினான். தோல் இல்லை, எலும்பு இல்லை, மாவு இல்லை. கை வீங்கிப்போயிற்று. கொத்திய கறியை உப்பும் பூண்டும் போட்டுப் பிசையச் சொல்லி அக்லாயாவிடம் கொடுத்தான். வெத்தூரியாவால் அதன் பக்கத்தில் வர முடியாது. உள்ளே கட்டிலில் இருந்து கொடுக்க வேண்டிய தட்டுகளையும் கோப்பைகளையும் துவாலைகளையும் துடைத்து அடுக்கினாள்.

சேதி பரவியதும் ஊர் அதிர்ந்தது. அப்போதுதான் அது நோய் என்று எல்லாருக்கும் தெரிந்தது. ஓட்ஸ் கேட்டு வந்த பெண்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அழைத்தவர்களைவிட அதிகமாக ஆட்கள் வருவார்கள் என்று அக்லாயாவுக்குத் தெரிந்துபோயிற்று. பொமானாவில் ஒரு ஆள் வெறும் தட்டோடு திரும்பினால் அந்தக் குறை கொடுத்தவளைத்தான் போய்ச் சேரும். கறியோ பத்தாது போலிருந்தது. கடை மூடியிருந்தது. பயத்தில் கைக்கு அகப்பட்டதை எடுத்தாள். நோன்புக்கு வாங்கி வைத்திருந்த சோயாவை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, கறியோடு சேர்த்துப் பிசைந்தாள்.

அன்றைக்குப் பழைய தொழிற்சாலையே முற்றத்தில் உட்கார்ந்திருந்தது. வெத்தூரியாவை இரண்டு தலையணை வைத்து மேஜையின் தலைப்பக்கம் உட்கார வைத்திருந்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். பிளம் சாராயத்தை ஊற்றியதும், குடிக்குமுன் இறந்தவர்களுக்கு ஒரு சொட்டுத் தரையில் விடுகிற பழக்கத்தில் அக்லாயா கிளாஸைச் சாய்த்துவிட்டாள்.

"ஏய், நான் இங்கதான்டி இருக்கேன்" என்றாள் வெத்தூரியா. "கிளாஸ்லயே ஊத்து."

சிரித்தவர்கள் சிரிப்பை முடிக்கத் தெரியாமல் முழித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தட்டு, கோப்பை, மெழுகுவர்த்தி, ரொட்டி, சாசேஜ். வாங்கியவர்கள் வழக்கப்படி, "கடவுள் ஏத்துக்கட்டும்" என்றார்கள். உயிரோடு எதிரில் இருக்கிறவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல நாக்கு எழவில்லை. தட்டையே பார்த்துச் சொன்னார்கள்.

மேஸ்திரி ஃப்ளோரேயா இப்போது கிழவனாகிவிட்டான். சாசேஜை முள்கரண்டியில் குத்தித் தூக்கினான். யாராவது கேட்க வேண்டுமே.

"இதுல என்ன இருக்கு, வெத்தூரியா?"

அவள் கையை நீட்டினாள். பாந்தெலி அவசரமாக ஒரு துண்டை வெட்டி அவளிடம் கொடுத்தான். அக்டோபருக்குப் பிறகு அவள் வாயில் படுகிற முதல் கறி. மென்றாள். தொட்டியடியில் நின்று வளர்ந்த நாக்கு அது. மெல்லுவது ஒரு கணம் நின்றது. அவள் கண் நேராக அக்லாயாவிடம் போயிற்று. அக்லாயா கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிறகு வெத்தூரியா புருஷனைப் பார்த்தாள். வீங்கிய கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, பரீட்சை முடிவு கேட்கிற பையனைப்போல் அவன் நின்றுகொண்டிருந்தான்.

"கறி" என்றாள். "சுத்தக் கறி."

அந்தப் பதிலை அவள் வாழ்நாளில் சொன்னதில்லை. முற்றமே கைதட்டியது. பாந்தெலி முகத்தைத் துவாலையில் மூடிக்கொண்டான்.

அடுப்படியில் அழுதுகொண்டிருந்த அக்லாயாவை அன்று மாலை அவள் கூப்பிட்டு விட்டாள். எவ்வளவு போட்டாய் என்று கேட்டாள். மூன்றில் ஒரு பங்கு என்றாள் அக்லாயா. "தொழிற்சாலையில நாங்க பாதிக்குப் பாதி போட்டோம். நீ யோக்கியம்" என்றாள் வெத்தூரியா. "சுத்தக் கறியா அனுப்பினா அங்க எங்கம்மாவே என்னை அடையாளம் கண்டுக்க மாட்டா. போ. உங்க அண்ணன் காதுல போட்டுடாத."

நோன்பின் நடுவில், பனி உருகும்போது, அவள் போனாள். டாக்டர் சொன்ன வசந்தம் அதுதான். பெட்டி லேசாக இருந்தது. தூக்கியவர்கள் அதற்குத் தயாராக இல்லாமல் ஒரு கணம் தடுமாறினார்கள். ஊருக்கு அவரைக்கொட்டையும் நோன்புச் சலாமியும் போட்டார்கள். போகட்டும், அவளுக்கு வேண்டியது முன்னாடியே போய்விட்டது என்று பாந்தெலி நினைத்துக்கொண்டான். அந்த ஒரு நினைப்பில்தான் அவன் எழுந்து நடமாடினான். காலையில் பழக்கத்தில் இரண்டு கிண்ணம் எடுத்து வைத்தான். ஓட்ஸே சமைத்தான்.

ஈஸ்டர் தாண்டி ஒரு நாள் அக்லாயா அதைப் பார்த்துவிட்டாள். அந்த இரண்டாவது கிண்ணத்தைப் பார்த்ததும் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பாந்தெலி கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கத்தவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டான்.

"மொத வாயிலயே தெரியும்ணே."

அவன் எழுந்தான். பிறகு கத்தியைத் தீட்டக் கொடுத்துவிட்டு, ஒரு பன்றி பேசி வைக்கப் போனான்.

கோடையில், இறந்தவர்களை நினைக்கிற மூத்தோர் சனிக்கிழமைக்கு ஊரே மண்கோப்பையும் சாப்பாடுமாகக் கல்லறைத் தோட்டத்துக்கு வரும். பாந்தெலி யாரையும் பக்கத்தில் விடவில்லை. தானே கொத்தி, தானே பிசைந்து, தானே குடலில் அடைத்து, தானே வாட்டினான். கோணலும் மாணலுமாக இருந்தது. முதல் தட்டை வெத்தூரியாவின் மண்மேல் வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினான். பிறகு சுற்றி நின்றவர்களுக்குக் கொடுத்தான்.

ஃப்ளோரேயா வாங்கினான். கடவுள் ஏற்றுக்கொள்ளட்டும் என்றான். ஆண்டாண்டுப் பழக்கம், கை தானாக மேலே போயிற்று.

"இதுல என்ன இருக்கு, வெத்…"

மீதிப் பெயர் வெளியே வரவில்லை. எல்லாரும் மண்ணைப் பார்த்தார்கள். பதில் சொல்ல ஒரு ஆள் வேண்டியிருந்தது. பாந்தெலி வாயைத் திறந்தான். மெத்தை, போஸ்டர், விரல் என்று அவள் சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தன. அவளுடையதை அவன் எடுக்கக் கூடாது. தன்னுடையதாக ஒன்று தேடினான். கிடைக்கவில்லை.

"கறி" என்றான். "வேற ஒண்ணும் இல்ல."

ஃப்ளோரேயா கடித்தான். மென்றான். மற்றவர்களும் தலையைக் குனிந்தபடி மென்றார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவ்வளவு அமைதி எதற்கென்று பாந்தெலிக்குப் புரியவில்லை. கடைசியில் தானும் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டான்.

உப்பு இல்லை.

அவன் மெல்லாமல் நின்றான். பிறகு அக்லாயாவிடம் போய், அவித்த முட்டைக்குத் தொட்டுக்கொள்ள அவள் மடித்து வைத்திருந்த உப்புப் பொட்டலத்தை வாங்கினான். கையில் தட்டோடு நின்றவர்களைத் தாண்டிப் போய் மண்ணருகே மண்டியிட்டான். அவள் தட்டில் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினான்.